சட்டை போடவும் பாடம் உண்டு

முதலமடை மாந்தோப்புகளில் காய் பறிக்கும் காலம் வந்துவிட்டால் கூலிக்காரர் வீடுகளில் பகலில் ஆள் இருப்பதில்லை. மற்ற ஊர்களில் மாமரம் பூத்துக்கொண்டிருக்கும்போதே முதலமடைக் காய் லாரி ஏறி வடநாட்டுச் சந்தைக்குப் போய்விடும். நாலு காசு கண்ணில் காண்கிற காலம் அதுதான். புருஷன், பெண்சாதி, கல்யாணமாகாத கொழுந்தன் என்று கையுள்ளவர் எல்லோரும் விடியுமுன்னே தோப்புக்குப் புறப்பட்டுவிடுவார்கள். ஆனால் எங்காவது ஒரு வீட்டில் மட்டும் ஒருவர் வேலைக்குப் போக முடியாமல் நிற்பார். பெரும்பாலும் அது தாய்தான். அந்த வீட்டில் எட்டு வயதிலோ பத்து வயதிலோ ஒரு பிள்ளை இருக்கும். ஓடும், குதிக்கும், ரயில் சத்தம் கேட்டால் வாசலுக்குப் பாயும். ஆனால் தானாகக் குளிக்காது, சட்டை போட்டுக்கொள்ளாது, கக்கூஸ் போனால் கழுவிக்கொள்ளத் தெரியாது. பேச்சும் சரியாக வந்திருக்காது.

இப்படிப்பட்ட பிள்ளைகளில் பலருக்கு இருப்பது ஆட்டிசம். தமிழில் 'மதியிறுக்கம்' என்று எழுதுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் 127 பேரில் ஒருவருக்கு இது உண்டு. ஆகவே நமது வாசகர்களில் பலருக்கு இது அடுத்த வீட்டுச் சங்கதி; சிலருக்குச் சொந்த வீட்டுச் சங்கதி.

'இதற்கு மருந்து உண்டா?' என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. ஆட்டிசத்தையே போக்கிவிடும் மருந்து எந்த நாட்டிலும் இல்லை. வலிப்பு, தூக்கமின்மை போன்ற உடனிருக்கும் தொல்லைகளுக்கு டாக்டர் மருந்து கொடுப்பார், அவ்வளவுதான். பத்தியம், ஊசி, லேகியம் என்று பணம் பறிப்பவர்களிடம் ஏமாந்தவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. பலன் தருவது கற்பித்தல். அதிலும் 'ஏ, பி, சி' அல்ல. பல் தேய்ப்பது, குளிப்பது, உடுப்பது, சாப்பிடுவது, கக்கூஸ் போவது. இவைதான் அந்தப் பிள்ளையின் முதல் வகுப்புப் பாடம். இந்தப் பாடத்துக்குப் பள்ளிக்கூடம் வீடு. சிலேட்டு, பலப்பம் எல்லாம் வாளியும் சொம்பும்தான்.

தாயைப் பழித்த காலம்

ஆட்டிசத்தைத் தனி நிலையாக விவரித்து முதலில் விரிவாக எழுதியவர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய டாக்டர் லியோ கானர். 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி அவர் எழுதினார். அதன் பிறகு வந்த சிலர், தாயின் அன்பு குறைந்ததால்தான் பிள்ளை இப்படி ஆயிற்று என்று பேசத் தொடங்கினார்கள். சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் இதை ஊரறியப் பரப்பினார். 1964-ல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற மனநூல் அறிஞர், தாமே ஆட்டிசப் பிள்ளையின் தகப்பனார், அந்த வாதத்தைச் சான்றுகளோடு உடைத்தார். இது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு, பிறவியிலேயே வேரூன்றியது, இதில் பரம்பரைக்கூறுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது இன்று நிலைபெற்ற கருத்து.

ஆனால் நம் ஊர்களில் அந்தப் பழைய பழி இன்னும் போகவில்லை. 'கர்ப்பத்தில் கிரகணம் பார்த்தாள்', 'செல்போனைக் கையில் கொடுத்துக் கெடுத்தாள்' என்று தாயின் தலையில்தான் வந்து விழுகிறது. மாமியார் ஒன்று சொல்வார், நாத்தனார் ஒன்று சொல்வார். முதலமடையில் இன்னொரு பேச்சும் உண்டு: மாந்தோப்புகளில் அடித்த எண்டோசல்பான் பற்றியது. ஊனத்துடன் பிறந்த குழந்தைகளைச் சுட்டி இங்கே எழுந்த புகார்கள் பழையவை; அந்தப் பூச்சிமருந்தை 2011-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தடை செய்தது. அது தனியே விசாரிக்கப்பட வேண்டிய நியாயம். ஆட்டிசமோ பூச்சிமருந்து வாசமே அறியாத நகரத்து மாடி வீடுகளிலும் இருக்கிறது. காரணம் தேடுவதில் கழியும் ஆண்டுகளில் பிள்ளை ஒரு பனியனையாவது போடப் பழகியிருக்கலாம் என்பதே நமது எண்ணம்.

கடைசிப் படியில் தொடங்குங்கள்

'எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், செய்ய மாட்டேன் என்கிறான்' என்பது பெற்றோரின் குறை. எதைச் சொன்னோம் என்று பார்க்க வேண்டும். 'குளி' என்பது நமக்கு ஒரு சொல். பிள்ளைக்கு அது இருபது வேலை. துண்டை எடுக்க வேண்டும், உடுப்பைக் கழற்ற வேண்டும், சொம்பை வாளிக்குள் முக்க வேண்டும், தோளில் ஊற்ற வேண்டும், சோப்பை எடுக்க வேண்டும், கையில் தேய்க்க வேண்டும்... சோப்புப் போட்ட கையை எப்போது நிறுத்துவது, எத்தனை சொம்பு ஊற்றினால் போதும் என்பதையெல்லாம் நாம் யோசிப்பதே இல்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளை அதில்தான் சிக்கிக்கொள்கிறது. ஆகவே முதல் வேலை, ஒரு காகிதத்தில் அந்த வேலையைத் துண்டு துண்டாக எழுதுவது. எழுதுவதற்கு முன் நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். ஏதாவது ஒரு துண்டு விட்டுப்போயிருக்கும்.

அடுத்ததாக, சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் கையாளும் ஒரு தந்திரம் உண்டு. கேட்டால் வேடிக்கையாக இருக்கும். பாடத்தைக் கடைசியிலிருந்து தொடங்குவார்கள். பனியன் போடக் கற்றுக்கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். தலையை நுழைப்பது, வலது கை, இடது கை, மார்பு வரை இறக்குவது எல்லாவற்றையும் நாமே செய்துவிட வேண்டும். வயிற்றுக்குக் கீழே இழுத்து விடுகிற கடைசி வேலை மட்டும் பிள்ளைக்கு. இழுத்தால் முடிந்தது! உடனே ஒரு பாராட்டு, அல்லது பிடித்தமான தின்பண்டத்தில் ஒரு துண்டு. நாலு நாளோ நாற்பது நாளோ கழித்து அது கைவந்த பிறகு, மார்பிலிருந்து இழுக்க விட வேண்டும். பிறகு இடது கை. இப்படிப் பின்னாலிருந்து முன்னுக்கு வந்தால் ஒவ்வொரு நாளும் பிள்ளையின் கையில்தான் வேலை முடிகிறது. முன்னாலிருந்து தொடங்கினால் தலையை நுழைக்கும்போதே மாட்டிக்கொண்டு அழும். மறுநாள் பனியனைக் கண்டாலே ஓடும்.

கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கும்போது எதிரில் நிற்கக் கூடாது. பின்னால் நின்று, பிள்ளையின் கைமேல் நம் கையை வைத்துச் செய்ய வேண்டும். அப்போதுதான் இரண்டு கையும் ஒரே திசையில் போகும். நாளாக ஆக நம் பிடி தளர வேண்டும்: முதலில் உள்ளங்கை, பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கை, பிறகு தோளில் ஒரு தொடுதல். வாயால் சொல்லிக்கொண்டே இருப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. 'ஊத்து, ஊத்து, தேய், தேய்' என்று நாம் பக்கத்தில் நின்று சொன்னால், நம் குரல்தான் பிள்ளைக்குச் சாவி. குரல் இல்லாவிட்டால் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்கும். கையை எடுத்துவிடலாம், நாக்கை அடக்குவதுதான் கஷ்டம்.

ஒரு சமயத்தில் ஒரு வேலை போதும். தினமும் ஒரே நேரம், பத்து நிமிஷம். மாங்காய்க் காலத்தில் அந்தப் பத்து நிமிஷமும் கிடைக்காதே என்றால், மாலையில் செருப்பைக் கழற்றி மூலையில் வைப்பதை மட்டுமாவது எடுத்துக்கொள்ளலாம்.

அடம் என்று நினைப்பது அடமல்ல

பல் தேய்க்கும் பசையை வாயில் வைத்ததும் துப்பிவிட்டு அலறுகிற பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். நமக்குக் 'குளுகுளு' என்று இருக்கும் அந்தக் காரம், ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு மிளகாயைக் கடித்தாற்போல எரியும். சட்டைக் காலரின் உள்ளே தைத்திருக்கும் கம்பெனிச் சீட்டு முள்ளாகக் குத்தும். தலையில் ஊற்றும் தண்ணீர் அடி விழுவது போலிருக்கும். மிக்ஸி சத்தம், முடிவெட்டும் கத்தரிச் சத்தம் எல்லாம் அப்படித்தான். சில பிள்ளைகளுக்கு நேர்மாறு. சுடுசோறு கையில் பட்டாலும் உறைக்காது.

ஆகவே பாடம் தொடங்குமுன் தடையை நீக்க வேண்டும். வெறும் பிரஷ்ஷை நனைத்துத் தேய்க்கட்டும். பசை பிறகு வரலாம். சட்டைச் சீட்டை வெட்டி எறியலாம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய பனியன், எலாஸ்டிக் வைத்த டவுசர், பெரிய பொத்தான் இவையெல்லாம் காசில்லாத வைத்தியம். தண்ணீரைத் தலையில் கொட்டாமல் பாதத்திலிருந்து மேலே வரலாம். வெந்நீர் சற்றே சேர்த்தால் பாதி அழுகை நிற்கும்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'நாலு போடு போட்டால் தானாகச் செய்வான்' என்கிற பெரியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அமெரிக்காவிலும் இருந்தார்கள். 1960-களில் லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகத்தில் ஐவார் லோவாஸ் என்ற பேராசிரியர் ஆட்டிசக் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுத்தபோது அறையும் மின் அதிர்ச்சியும்கூடப் பயன்படுத்தப்பட்டன. பின்னாளில் அதற்குப் பலத்த கண்டனம் எழுந்து, அவ்வழி கைவிடப்பட்டது. ஆட்டிசம் உள்ள பலர் இன்று பெரியவர்களாகித் தங்கள் கதையைத் தாங்களே எழுதுகிறார்கள். கையை உதறுவதையும் முன்னும் பின்னும் ஆடுவதையும் நிறுத்துவதற்காகத் தங்களைப் படுத்திய பாட்டை அவர்கள் மன்னிக்கவில்லை. கையை உதறுவதால் யாருக்கும் நஷ்டமில்லை. அதை விட்டுவிட்டு, சோறு பிசைந்து உண்ணக் கற்றுக்கொடுப்பதில் நேரத்தைச் செலவிடலாம்.

பேச்சைவிடப் படம் பல பிள்ளைகளுக்கு எளிதில் புரியும். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1972-ல் எரிக் ஷோப்ளர் தொடங்கிய 'டீச்' என்ற திட்டம் இந்த உண்மையின் மேல் கட்டியதுதான். காலையில் எழுந்ததிலிருந்து செய்ய வேண்டியவற்றைப் படமாகச் சுவரில் வரிசையாக ஒட்டிவிடுவார்கள். நம் வீட்டுக்கு அமெரிக்கப் படம் வேண்டாம். நம் வீட்டு வாளி, நம் வீட்டுத் தட்டு, நம் வீட்டுக் கக்கூஸ் கதவு இவற்றைச் செல்போனில் படம் பிடித்து, ஸ்டூடியோவில் அச்சடித்து, பழைய காலண்டர் அட்டையில் ஒட்டினால் போதும். படமும் புரியாத பிள்ளைக்குப் பொருளையே காட்டலாம். துண்டைக் கையில் கொடுத்தால் குளியல், தட்டைக் கொடுத்தால் சாப்பாடு.

வெள்ளம் என்றால் என்ன?

கேரளத்தில் வாழும் நமக்கு மட்டுமே உள்ள சிக்கல் ஒன்று. வீட்டில் தாய் 'தண்ணி குடி' என்கிறாள். பள்ளியில் டீச்சர் 'வெள்ளம்' என்கிறார். நமக்கு வெள்ளம் என்றால் ஆற்றில் பெருகி வருவது. அங்கே 'கழிச்சோ?' என்று கேட்டால் சாப்பிட்டாயா என்று பொருள். நம் தமிழில் 'கழிப்பது' எங்கே நடப்பது என்று எல்லோருக்கும் தெரியும். பெரியவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடலாம். சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும் பிள்ளை என்ன செய்யும்?

'வீட்டில் தமிழை விட்டுவிடுங்கள், மலையாளம் மட்டும் பேசுங்கள்' என்று சில இடங்களில் யோசனை சொல்வதுண்டு. இது சரியான யோசனை அல்ல. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசக் குழந்தைகளின் பேச்சு பின்தங்குகிறது என்று இது குறித்த ஆய்வுகள் காட்டவில்லை. பாட்டியும் தாயும் தமிழில்தானே கொஞ்சுகிறார்கள்? அதை நிறுத்தினால் பிள்ளையிடம் பேசுவதற்கே வீட்டில் ஆள் குறைந்துவிடும். குளியல், சாப்பாடு, கக்கூஸ் எல்லாம் வீட்டு வேலைகள். அவற்றுக்கு வீட்டுச் சொல்தான் பொருத்தம். பதினைந்து இருபது வீட்டுச் சொற்களை எழுதி டீச்சரிடம் கொடுத்தால் போதும். தமிழ் தெரிந்த ஆசிரியர்களுக்குச் சித்தூர் தாலூகாவில் பஞ்சமில்லை. படத்துக்கோ மொழியே கிடையாது.

பள்ளியில் கற்றது வீட்டுக்கு வராததும் இந்தப் பிள்ளைகளிடம் காணும் ஒரு குணம். பள்ளிக் கக்கூஸில் ஒழுங்காக உட்காரும், வீட்டில் உட்காராது. அங்கே குழாய், இங்கே வாளி. அங்கே வெள்ளைக் கதவு, இங்கே தகரம். பிள்ளையைப் பொறுத்தவரை இது வேறு வேலை. மூணாறு, பீர்மேடு பக்கத்துத் தோட்ட லயங்களில் பல வீட்டுக்கும் பொதுவான கக்கூஸ் உள்ள இடத்தில் இது இன்னும் சிரமம். கற்றுக்கொண்டதை இடம் மாற்றி மாற்றிப் பழக்க வேண்டும். மாமா வீட்டிலும் ஒருமுறை, ரயில் நிலையத்திலும் ஒருமுறை.

கக்கூஸ் பழக்கத்துக்கு நாலு நாள் குறிப்பு எழுதுங்கள்: எப்போது சாப்பிட்டது, எப்போது நனைத்தது. பல பிள்ளைகளுக்கு ஒரு நேர ஒழுங்கு தெரியவரும். அந்த நேரத்துக்குச் சற்று முன்பாகக் கூட்டிப்போய் உட்கார வைக்க வேண்டும். நனைத்துவிட்டால் திட்டாமல் துடைத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

பெண் குழந்தை விஷயத்தில் தாய்மார்கள் ஒன்றைத் தள்ளிப்போடக் கூடாது. பெரிய மனுஷி ஆகும் நாளில் திடீரென்று ரத்தத்தைப் பார்த்தால் அந்தப் பிள்ளை பயந்து அலறும். நாப்கினைப் பிய்த்து எறியும். ஒன்பது, பத்து வயதிலேயே நாப்கினை உள்ளாடையில் ஒட்டவும், சிறிது நேரம் வைத்திருக்கவும், குங்குமம் கரைத்த நீரைச் சொட்டிக் காட்டி, மாற்றிச் சுருட்டிக் காகிதத்தில் வைத்துப் போடவும் பழக்கிவிடலாம். கதவைச் சாத்திக்கொண்டு உடை மாற்றுவதும், தொடக் கூடாத இடத்தை யாரும் தொட விடாமல் இருப்பதும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்ந்த பாடம். தானாகக் கழுவிக்கொள்ளத் தெரிந்த பிள்ளைக்கு அன்னியர் கை பட வேண்டிய அவசியம் குறைகிறது.

எங்கே போவது?

பாலக்காடு மாவட்டத்திலேயே ஷொர்ணூருக்கு அருகில் கவளப்பாறையில் 'இக்கான்ஸ்' என்ற நிலையம் இருக்கிறது. பேச்சு, அறிவு வளர்ச்சி, ஆட்டிசம் முதலியவற்றுக்கானது. பாலக்காட்டிலிருந்து ரயிலில் ஷொர்ணூர் போய்விடலாம். திருச்சூர் மாவட்டம் இரிஞ்ஞாலக்குடா பக்கம் கல்லேற்றங்கரையில் 'நிப்மர்' உள்ளது. 2004-ல் திருவனந்தபுரம் மாவட்டம் வெங்ஙானூரில் தொடங்கிய 'பட்ஸ்' சிறப்புப் பள்ளிகள் குடும்பஸ்ரீ மூலம் பல பஞ்சாயத்துகளுக்குப் பரவியுள்ளன. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பட்ஸ் மறுவாழ்வு மையங்கள் தனி. தமிழ்நாட்டுப் பக்கம் சென்னை மதுரம் நாராயணன் மையம் 1989 முதல் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக நடத்திவரும் 'உபநயன்' பயிற்சியில், தன் வேலையைத் தானே செய்துகொள்வது ஐந்து பாடப்பிரிவுகளில் ஒன்று. தாய் உடனிருந்து கற்பது அதன் முறை. முதல் படியாக அங்கன்வாடி ஊழியரையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ கேட்டால் மாவட்டத்தில் உள்ள குழந்தைகள் பரிசோதனை மையத்துக்கு வழி சொல்வார்கள்.

எல்லோராலும் வாரம் தோறும் போய்வர முடியுமா என்றால் முடியாது. முதலமடைப் பஞ்சாயத்தைச் சேர்ந்த பறம்பிக்குளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தப் பஞ்சாயத்து ஆபீசுக்கு வரவே அவர்கள் டாப்ஸ்லிப், சேத்துமடை என்று தமிழ்நாட்டுக்குள் இறங்கிச் சுற்றி வர வேண்டும். அவ்வளவு தூரம் வருபவர்கள் நிலையத்தில் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது: இப்போது எந்த ஒரு வேலையைப் பழக்குவது, அதை எத்தனை துண்டாகப் பிரிப்பது, அடுத்த தடவை வரும்போது எதைப் பார்த்து முன்னேற்றம் என்று சொல்வீர்கள்?

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் அங்கீகரிக்கப்பட்ட 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அதற்கான 'யூ.டி.ஐ.டி.' அட்டை இந்தியா முழுவதும் செல்லும். பொள்ளாச்சியிலிருந்து வந்தவர் பாலக்காட்டில் இருந்தாலும் செல்லும். 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை சிகிச்சை, பயிற்சிச் செலவுக்கு இடமுண்டு. மத்திய சர்க்கார் அலுவலகங்களில் உள்ள குமாஸ்தாக்கள் கவனிக்க: ஊனமுற்ற பிள்ளையைப் பராமரிக்கும் ஊழியருக்கு வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்களிக்கும் ஆணை 2014-ல் வந்தது. ஆட்டிசமும் அதில் சேர்க்கப்பட்டது. ஊர் மாறினால் கக்கூஸ் மாறும், பள்ளி மாறும், மொழியும் மாறும் என்பதால் இந்த ஆணையின் அருமை இவர்களுக்குத்தான் தெரியும்.

வீட்டுக்குள்ளே ஒரு எதிர்ப்பு எழும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'பாவம் பிள்ளை, அதைப் போய் வாட்டுகிறாயே' என்று பாட்டி சொம்பைப் பிடுங்கி ஊற்றிவிடுவார். அன்புதான், ஆனால் பத்து நாள் பாடம் அந்த ஒரு சொம்பில் போய்விடும். பாட்டியைக் கோபித்துப் பயனில்லை. கடைசிப் படியைப் பாட்டியிடமே ஒப்படைத்துவிடலாம். பனியனை இழுத்துவிட்டதும் கைதட்டுகிற வேலை அவருடையது.

உடுக்கவும் உண்ணவும் தெரிந்த பிறகு அடுத்த பாடங்கள் வரும். தட்டைக் கழுவி வைப்பது, துணி மடிப்பது, கடையில் பத்து ரூபாய் நோட்டைக் கொடுத்துச் சில்லறை வாங்குவது. மாங்காய் அடுக்குவதும் துண்டு போடக்கூடிய வேலைதான். பெட்டியில் காகிதம் விரிப்பது ஒன்று, காம்பு ஒரே பக்கம் இருக்க வைப்பது ஒன்று, வரிசை நிரம்பியதும் நிறுத்துவது ஒன்று. ஒழுங்கு கலையாமல் ஒரே மாதிரி வைப்பது ஆட்டிசம் உள்ள பலருக்கு விருப்பமான வேலை. கற்றுக்கொடுக்கும்போது கடைசித் துண்டிலிருந்து, அதாவது பெட்டியை மூடுவதிலிருந்து தொடங்கலாம்.